வெளுத்ததெல்லாம் பால் அல்ல

காலை ஆறே முக்காலுக்கு அக்காவிடமிருந்து அழைப்பு வந்தால் அது நலம் விசாரிக்க அல்ல என்று எனக்குத் தெரியும்.

"தம்பி, குளிக்கிற ரூம்ல சீலிங் பேந்து விழுந்துருச்சுடா. அத்தை உட்கார்ந்து குளிக்கிற ஸ்டூலு ரெண்டா போச்சு."

"அத்தைக்கு?"

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. ராத்திரி விழுந்திருக்கு. காலையில குளிக்கப் போனவங்கதான் பார்த்தாங்க."

அத்தை என்றால் அக்காவின் மாமியார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நின்று குளிக்க முடியாது என்பதால் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டிருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு துண்டு, சரியாக அதன் மேல் விழுந்திருக்கிறது. அதே துண்டு ஆறு மணி நேரம் தாமதமாக விழுந்திருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் கிள்ளானுக்கு வண்டி ஓட்டினேன்.

வழியெல்லாம் இன்னொன்றும் உறுத்தியது. அந்தச் சீலிங்கை இதற்கு முன் இரண்டு முறை பூசியாகிவிட்டது. முதல்முறை அக்கா படம் அனுப்பியபோது, "சும்மா சிமெண்டு வச்சுப் பூசச் சொல்லுக்கா" என்று சொன்னது நான்தான். 350 வெள்ளி. ஒரே ஆண்டில் வெடித்தது. இரண்டாம் முறை வந்தவர், "பால் கலந்து பூசுறேன், இனிமே விழாது" என்று சொல்லி 600 வெள்ளி வாங்கினார். "வெள்ளையா ஒரு பால் ஊத்துனாருடா" என்று அக்கா சொன்னபோது, "அப்ப சரிதான்" என்றேன். எந்தப் பால் என்று நான் கேட்கவில்லை. இருபது ஆண்டுகளாகக் கட்டுமானத் துறையில் இருப்பவன், சொந்த அக்கா வீட்டுக்கு ஒரு கேள்வி கேட்க நேரமில்லாமல் போனேன்.

இந்த வாரம் அந்தப் பாலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் சீலிங் ஏன் விழுகிறது என்று பார்ப்போம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், சிமெண்டின் காரத்தன்மை. புதுக் கான்கிரீட்டின் பி.எச். அளவு 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே புகுந்து காரத்தைத் தின்றுகொண்டே போகும். பி.எச். 9க்குக் கீழே இறங்கினால் காப்பு போய்விடும். பிறகு ஈரம் கிடைத்தால் போதும், துரு தொடங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். அதுதான் முதலில் விரிசல், பிறகு வீக்கம், பிறகு முக்காலியின் மேல் விழும் தட்டு.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். கரியமில வாயு உள்ளே நுழையும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கம்பிக்கு மேலிருக்கும் கான்கிரீட் மூடலை இருமடங்கு ஆக்கினால், வாயு கம்பியைத் தொட ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் ஆகும். கட்டும் நாளில் 10 மி.மீ. மிச்சம் பிடித்தவர் வீட்டின் ஆயுளில் எத்தனை ஆண்டுகளை எடுத்துக்கொண்டார் என்று இதிலிருந்து தெரியும்.

அக்காவின் அடுக்குமாடி முப்பத்தைந்து ஆண்டுப் பழையது. குளியலறைச் சீலிங்கில் இரண்டு கம்பிகள் வெளியே தெரிந்தன. சுற்றியுள்ள கான்கிரீட்டைக் கொஞ்சம் கொத்திவிட்டு, கையோடு கொண்டுபோன பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்களே, காரம் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறுமே, அதேதான்.

"என்னடா, கலரே வரல?" என்றார் அக்கா.

"அதான்க்கா பிரச்சினை. கம்பியைச் சுத்திக் காரமே இல்ல."

ஆழமாகக் கொத்திய இடத்தில்தான் ரோஜா நிறம் தெரிந்தது. அதுவரை கொத்தியெடுக்க வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பழைய கான்கிரீட்டைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. நன்றாக ஒட்டியிருந்தால் பழைய கான்கிரீட்டையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டுதான் வந்திருக்கும். இது ஒட்டவே இல்லை. ஈர விரலால் தேய்த்தேன். பிசுபிசுத்தது. பால்கனியில் தேடினால், அந்த ஆள் விட்டுப்போன டப்பா கிடைத்தது. மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை.

இந்தப் பசை பி.வி.ஏ. என்ற வகையைச் சேர்ந்தது. காய்ந்த இடத்தில் நன்றாக ஒட்டும். ஆனால் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் இளகிப் பழையபடி பசையாகிவிடும். குளியலறைக்கு இதைப் போட்டது, மழைக்குக் காகிதக் குடை பிடித்த மாதிரி. அங்கே வேண்டியது எஸ்.பி.ஆர். அல்லது அக்ரிலிக் வகைப் பால். ஹார்ட்வேர் கடையில் எல்லாமே வெள்ளை டப்பாவில் வெள்ளைத் திரவமாகத்தான் இருக்கும்.

நான் எஸ்.பி.ஆர். வாங்கி வந்து வைத்ததும் அத்தை ஒரு வேலை செய்தார். இரண்டு டப்பாவையும் திறந்து முகர்ந்து பார்த்தார். விரலில் தொட்டு உருட்டினார். அத்தை காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர்.

"இது ரப்பர் பாலு மாதிரியில்ல இருக்கு?" என்று எஸ்.பி.ஆர். டப்பாவைக் காட்டினார்.

"ரப்பர் பாலுதான் அத்தை. செயற்கை ரப்பர்."

"அப்ப ரெண்டையும் தட்டுல ஊத்திக் காய வையி. காஞ்சதும் தண்ணியில போடு. ஒறைஞ்ச ரப்பரு ஆத்துல போட்டாலும் கரையாது. கரைஞ்சா அது பாலு இல்ல."

இரண்டு மூடிகளில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி இரண்டு நாள் காயவைத்தோம். தண்ணீரில் போட்டதும் வெள்ளைப் பசையின் படலம் வெளுத்து, கொழகொழவென்று ஆனது. எஸ்.பி.ஆர். படலம் இழுத்தால் நீளும் தோலாக அப்படியே இருந்தது. பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் சொல்லித்தராத சோதனை இது. உங்கள் வீட்டுக்கு யாராவது 'பால்' கொண்டு வந்தால் இதைச் செய்து பாருங்கள்.

அத்தைக்கு அன்று நான் சொன்ன ஒரு கதையை உங்களுக்கும் சொல்கிறேன். சிமெண்டில் பாலிமர் கலக்கும் யோசனை பிறந்ததே ரப்பர் பாலிலிருந்துதான். 1923இல் கிரெசன் என்பவர், இயற்கை ரப்பர் பாலோடு சிமெண்டைச் சேர்த்துத் தளம் போடும் முறைக்குப் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே லெஃபியூர் என்பவர், சிமெண்டுக்கு இவ்வளவு பால் என்று அளவோடு கலக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மலாயாவின் தோட்டங்களில் நம் முன்னோர்கள் மங்கு மங்காகப் பால் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போயின. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரின் பெரும்பகுதி நின்றுபோனது. டயர் இல்லாமல் போர் நடத்த முடியாது. ஜெர்மனியில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்த ஸ்டைரீன் பியூட்டாடையீன் ரப்பரை அமெரிக்கர்கள் பேரளவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். அந்த மூன்று சொற்களின் சுருக்கம்தான் எஸ்.பி.ஆர். இயற்கைப் பால் சிமெண்டிலுள்ள சுண்ணாம்புச் சத்து பட்டதும் சட்டென்று உறைந்துவிடும். செயற்கைப் பாலை அப்படி உறையாதபடி தயாரிக்க முடிந்ததால் கட்டுமானத்தில் அதுவே நிலைத்தது.

"நாங்க வெட்டுன பாலு நின்னதால வந்த பாலா இது?" என்று கேட்டுவிட்டு அத்தை சிரித்தார்.

சரி, இந்தப் பால் உள்ளே என்னதான் செய்கிறது? சிமெண்டு இறுகும்போது கலவையிலுள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் குறையக் குறைய, பாலிலுள்ள நுண்துளிகள் ஒன்றோடொன்று நெருங்கி, கடைசியில் ஒட்டிப் படலமாகும். அந்தப் படலம் சிமெண்டின் நுண்துளைகளில் பரவி வழியை அடைக்கும். தண்ணீரும் கரியமில வாயுவும் எளிதில் புக முடியாது. பழைய கான்கிரீட்டையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வளையும்போதும் இழுக்கும்போதும் தாங்கும் சக்தி கூடும்.

ஆனால் அமுக்கத்தைத் தாங்கும் வலிமை பெரிதாகக் கூடாது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "பால் ஊத்தினா கல்லு மாதிரி ஆயிடும்" என்பது விற்பவர் சொல்வது. நாம் பால் ஊற்றுவது கல்லாக்குவதற்கு அல்ல. ஒட்டுவதற்கும் அடைப்பதற்கும்தான்.

அளவு இதில் முக்கியம். பாலிலுள்ள திடப்பொருள், சிமெண்டின் எடையில் 10 முதல் 20 விழுக்காடு வரை இருக்கலாம். 15 விழுக்காடு வழக்கமான அளவு. கடையில் கிடைக்கும் பாலில் ஏறக்குறைய பாதிதான் திடப்பொருள், மீதி தண்ணீர். ஆகவே 10 கிலோ சிமெண்டுக்கு 3 கிலோ பால் ஊற்றினால் 1.5 கிலோ திடப்பொருள் கிடைக்கும். கூடவே 1.5 கிலோ தண்ணீரும் போய்விடும். மொத்தத் தண்ணீர் 3.5 முதல் 4 கிலோவைத் தாண்டக்கூடாது. ஆகவே தனியாக ஊற்ற வேண்டியது 2 முதல் 2.5 லிட்டர் மட்டுமே. மணல் ஈரமாக இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். மணல் 25 முதல் 30 கிலோ. டப்பாவின் மேல் தயாரிப்பாளர் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இந்தக் கணக்குதான் தளத்தில் பெரும்பாலும் தவறுகிறது. பாலை ஊற்றிவிட்டு, வழக்கமாக ஊற்றும் தண்ணீரையும் குறைக்காமல் ஊற்றினால் கலவை கஞ்சியாகிவிடும். அதிகத் தண்ணீர் காய்ந்த பிறகு அதிகத் துளைகளாக மாறும். 'நல்லதுதானே, கொஞ்சம் கூட ஊத்தலாம்' என்று பாலை 20 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோனாலும் பொதுவாக வலிமை குறையத்தான் செய்யும்.

காயவைப்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு. சாதாரணக் கான்கிரீட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் விடு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சரி. பால் கலந்ததற்கு முதல் ஒன்றிரண்டு நாள் ஈரமாக வைத்துவிட்டு, பிறகு காற்றில் காயவிட வேண்டும். காய்ந்தால்தான் அந்தப் படலம் உண்டாகும்.

இவ்வளவு தெரிந்தும் உடனே பூசவில்லை. பூசியிருந்தால் நான்காவது முறை அழைப்பு வந்திருக்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் செய்யும் எந்தப் பூச்சும் காயத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்திரிதான்.

மேல்வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். பாக்சிக் நல்ல மனிதர். ஆனால், "எங்கள் தரை காய்ந்துதானே இருக்கிறது, எங்களுக்கு என்ன சம்பந்தம்?" என்ற எண்ணம் அவருக்கு. அத்தான் ஏற்கெனவே ஒருமுறை அவரிடம் குரல் உயர்த்திப் பேசியிருந்ததால் மாடிப்படியில் முகம் பார்ப்பதுகூட நின்றிருந்தது. நான் உடைந்த முக்காலியை எடுத்துக்கொண்டு போனேன். அத்தைக்கு என்ன வயது என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குளியலறைக் கதவைத் திறந்துவிட்டார்.

தரைக் குழாயை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை ஓர் அங்குலம் நிறுத்தி ஒரு நாள் விட்டோம். மறுநாள் காலை அக்காவின் சீலிங்கில் நீல நிறத்தில் ஈரம். வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. அவருடைய ஓடுகளுக்குக் கீழே இருந்த நீர்த்தடுப்புப் படலம் எப்போதோ போய்விட்டிருந்தது.

இப்படி இணக்கமாக முடியாத இடங்களும் உண்டு. அவர்களுக்காக ஒன்று: தீபகற்ப மலேசியாவில் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, மேலிருந்து ஒழுகினால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை குறை மேல்வீட்டில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்தால் நிர்வாகம் ஏழு நாள்களுக்குள் வந்து ஆய்வு செய்ய வேண்டும். அதன் பிறகும் அசையவில்லை என்றால் ஊராட்சி மன்றத்திலுள்ள கட்டட ஆணையரிடம் போகலாம். ஆனால் முதலில் சாயத் தண்ணீர், பிறகு சட்டம் என்பது என் அனுபவம்.

மேலே நீர்த்தடுப்பு புதிதாகப் போட்டு, சீலிங் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கீழே வேலை தொடங்கியது. தளர்ந்த கான்கிரீட்டை எல்லாம் எடுத்து, கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. இடைவெளி வரும் வரை கொத்தினோம். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு துருத்தடுப்புப் பூச்சு இரண்டு முறை. பழைய கான்கிரீட்டை நனைத்து, பாலும் சிமெண்டும் குழைத்த சாந்தைத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவையை அடுக்கடுக்காக அழுத்தி ஏற்றினோம். அந்தச் சாந்து காய்ந்துவிட்டால் ஒட்ட வேண்டிய பொருளே ஒட்டவிடாத தோலாகிவிடும். டீ குடிக்கப் போகும் நேரம் அதுவல்ல.

கம்பி கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, பெயர்ந்தது தூணிலோ விட்டத்திலோ இருந்தாலோ வீட்டில் யாரும் கை வைக்க வேண்டாம். பதிவு பெற்ற பொறியாளர் பார்த்தாக வேண்டும்.

"இதவிட ஸ்ட்ராங்கா ஏதோ எப்பாக்சி கான்கிரீட்டாமே, அதப் போட்டுருக்கலாமே?" என்று அத்தான் கேட்டார். நல்ல கேள்வி. அது முழுப் பாலிமர் கான்கிரீட். அதில் சிமெண்டே கிடையாது. நன்றாகக் காய்ந்த கல்லும் மணலும், அவற்றைப் பிடிக்க எப்பாக்சி அல்லது பாலியெஸ்டர் பிசின், அவ்வளவுதான். வீடுகளில் போடும் கான்கிரீட் 25 அல்லது 30 மெகாபாஸ்கல் தாங்கும் என்றால் இது 70, 80, அதற்கு மேலும் போகும். சில மணி நேரத்தில் இறுகிவிடும். அமிலம் அவ்வளவு எளிதில் தொடாது. வடிகால்களுக்கும், இரசாயன ஆலைத் தரைகளுக்கும், பாலத் தளங்களின் மேற்பூச்சுக்கும் அருமையானது.

ஆனால் நான் செம்பனை எண்ணெய் ஆலைகளில் சில ஆண்டுகள் தரை வேலை பார்த்தவன். அங்கே வெளியேறும் கழிவுநீரின் பி.எச். 4 முதல் 5. வெப்பம் 80, 90 பாகை. சாதாரணக் கான்கிரீட் எவ்வளவு வலிமையாக இருந்தாலும் அந்த அமிலம் அரித்துவிடும். அமிலம் தாங்கும் என்று எப்பாக்சி போட்டால், பல வகை எப்பாக்சிகள் 60 பாகையைச் சுற்றியே இளகத் தொடங்கிவிடும். சிமெண்டோடு பாலியூரித்தேன் சேர்த்த தரைதான் அங்கே தாக்குப்பிடிக்கும். "எவ்வளவு பலம்?" என்று கேட்பதைவிட "எதை எதிர்த்து, எத்தனை ஆண்டு?" என்று கேட்கக் கற்றுக்கொண்டது அந்த ஆலைகளில்தான். அக்கா வீட்டுச் சீலிங்கின் எதிரி பாரம் அல்ல, ஈரம். அதற்குப் பால் கலந்த சிமெண்டே போதும்.

இரு வீட்டுச் செலவையும் சேர்த்துப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். முதல் இரண்டு முறை கொடுத்த 950 வெள்ளி போனது போனதுதான். அதில் என் பங்கும் உண்டு என்று அக்காவிடம் சொன்னேன். "விடுடா" என்றார். விட முடியவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

இந்த வாரம் உங்கள் குளியலறைச் சீலிங்கைத் துடைப்பக் கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்றால் சரி. 'டொப் டொப்' என்று காலிச் சத்தம் வந்தால் உள்ளே பிரிந்துவிட்டது என்று பொருள். அதற்கு நேர் கீழே யாரும் நிற்க வேண்டாம், உட்கார வேண்டாம். வேலைக்கு வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஈரம் எங்கிருந்து வருகிறது? கம்பியை எப்படிச் சுத்தம் செய்வீர்கள்? இது எந்தப் பால்?

அத்தை மாதம் ஒரு முறை தவறாமல் தட்டிப் பார்க்கிறார். பாக்சிக் வாங்கிக் கொடுத்த புது முக்காலியைச் சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்ட பிறகுதான் குளிக்கிறார்.